மூன்று ஞாயிறு, ஒரு பழைய 207

தோப்பிலிருந்து தேங்காய் ஏற்ற வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கக் கிளம்பினேன். மெக்கானிக் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "விடிகாலையிலயே போங்க. போனதும் முதல்ல பானெட்டத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா, குளிர்ல கிளம்பாத கோளாறை மறைக்க முன்னாடியே ஓட்டி வச்சிருக்கலாம், டீ குடிச்சுட்டு வந்துருங்க."

முதல் வண்டி சூடாக இருந்தது. "ராத்திரி லோடு போய்ட்டு வந்ததுங்க" என்றார்கள். நேற்றுத்தான் பெயின்ட் அடித்த மாதிரி மின்னியது. நேற்றுத்தான் அடித்திருந்தார்கள், வாடைகூடப் போகவில்லை. கீழே படுத்து டார்ச் அடித்தால், பின்பக்கக் கமான் பட்டைக்கு மேலே, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸில் வெல்டிங் தழும்பு. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி அங்கேதான் முதலில் விரிசல் விடும். டீ குடிக்கப் போய்விட்டோம்.

அடுத்த ஞாயிறு பார்த்த வண்டி நல்ல குளிர்ச்சி, ஒரே செல்ஃபில் கிளம்பிவிட்டது. ஆனால் நீலப் புகை, நிற்கவே இல்லை. என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தார் அண்ணன். அது ஆடி ஆடிக் கீழே விழுந்தது. பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் (போர்) தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்கி அந்த வழியாக வெளியே வருகிறது. ஓனர் 20,000 குறைக்கிறேன் என்றார். என்ஜினை இறக்கினால் அது எந்த மூலைக்கு?

மூன்றாவதுதான் இந்த டாடா 207. 2956 சிசி டீசல், 2011 டிசம்பர் பதிவு. மாதத்தைச் சொல்லக் காரணம் உண்டு. 15 வருடம் தாண்டிய சரக்கு வண்டிகளுக்கு எஃப்சி (தகுதிச் சான்று) கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். அதனால் ஒரே மாடலாக இருந்தாலும் ஆர்சி புத்தகத்தில் உள்ள தேதியைப் பொறுத்து விலை மாற வேண்டும். விற்கிறவர்கள் இதை வாயே திறப்பதில்லை.

ஆழியாறு தாண்டி வால்பாறை ரோட்டில் நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றிப் பார்த்தோம் (மொத்தம் 40 இருக்கிறது, அவ்வளவுக்கு டீசல் யார் போடுவது?). டெம்பரேச்சர் முள் அசையவில்லை. முழுசாக மிதித்தால் கொஞ்சம் கரும்புகை. ஏர் ஃபில்டரும் டீசல் தெளிக்கும் நாசிலும் பார்த்தால் போதும், இது ஊர்ப் பட்டறையிலேயே முடிகிற வேலை.

கேட்ட விலை 2,40,000. நான் கூட்டிப் பேசவில்லை, கழித்துப் பேசினேன். நான்கு டயர் 28,000, இன்சூரன்ஸ் 18,000, சரக்கு ஏற்றும் தொட்டியின் அடித்தகடு 15,000, எஃப்சிக்கு முன்னால் பெயின்ட், ஸ்டிக்கர், சில்லறை வேலை 20,000. ஆக 81,000. காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு 1,75,000-க்கு வந்தார். ஆர்சியில் ஃபைனான்ஸ் கடன் இன்னும் ஏறி நின்றது. கடன் எப்போதோ கட்டி முடித்தாகிவிட்டது, ஆனால் யாரும் நீக்கவில்லை. ஃபைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி), ஆர்சியில் கடனை நீக்கும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே மீதிப் பணம் என்று சொல்லி, அட்வான்ஸ் மட்டும் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்தும் அன்றே வாங்கிவிட்டேன். இதில் மட்டும் முகதாட்சண்யம் பார்க்கக்கூடாது.

இன்னொரு நிம்மதி. சரக்கு, வாடகை வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் பேட்ஜ் எனக்கு இல்லை, ஆனாலும் கவலையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

வாங்கி ஆறு வாரம் ஆகிறது. டயரும் தகடும் முடிந்தது. என் பட்டியலில் இல்லாத கிளட்ச் பிளேட் 9,000 தின்றுவிட்டது. மலையில் ஏற்றிப் பார்த்தபோது வண்டி காலியாக இருந்ததால் வழுக்கியது தெரியவில்லை. மூன்றாவது கியர் விழும்போது இன்னும் கரகரக்கிறது. காய் வெட்டு முடியட்டும், கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும்.