தோடர் சால்வைக்கு யார் விலை சொல்வது?

ஊட்டியிலிருந்து திரும்புகிறவர்கள் கையில் வர்க்கியும் தைலமும் சாக்லேட்டும் இருக்கும். இந்த முறை நான் மலையேறியது, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரிக்காக மட்டும். படகுத்துறை, தொட்டபெட்டா எதுவும் இந்தக் கட்டுரையில் வராது.

கோத்தகிரியில் கைவினைப் பெண்களோடு வேலை செய்யும் தோழி ஒருவர், முன்கூட்டியே கேட்டுச் சொல்லி, ஊட்டிக்கு வெளியே உள்ள ஒரு மந்துக்கு அழைத்துப் போனார். தோடர்களின் குடியிருப்பை மந்து என்பார்கள். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற பழைய வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இப்போது பெரும்பாலும் சாதாரண ஓட்டு வீடுகளும் சிமெண்ட் வீடுகளும்தான். அந்தப் பழைய வடிவம் கோயிலில் நிலைத்திருக்கிறது. கோயில் என்றால் அது பால் கடையும் பால்மனையும்கூட. தோடர்களுக்கு எருமையும் பாலும் வழிபாட்டின் நடுவே இருப்பவை. பெண்கள் உள்ளே போவதில்லை. நாங்களும் கல்சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டோம்.

“வாங்க, வெயில்ல உட்காருங்க, உள்ள குளிரும்” என்றார் ஓர் அக்கா. மடியில் தடித்த வெள்ளைப் பருத்தித் துணி, பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக நூல் உருண்டைகள். தோடர்கள் நெய்வதில்லை, துணி சமவெளியிலிருந்து வருகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் அவர்களுடையது. துணியை இழுத்துப் பிடிக்கச் சட்டம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது, பார்த்துப் போட மாதிரித் தாளும் கிடையாது. விரல் நுனியால் இழைகளைத் தடவி எண்ணி, அடிப்பக்கத்திலிருந்து ஊசியை ஏற்றுகிறார். நெசவின் ஊடும் பாவும்தான் அவருக்குக் கட்டம். நூலை முழுக்க இழுத்துவிடாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் வளையமாக விடுகிறார். அதனால்தான் முடிந்த துணியைத் தொட்டால் பூ மேடாகக் கையில் படுகிறது. முதலில் பார்க்கிறவர்கள் தறியில் நெய்தது என்றே நினைப்பார்கள். நமக்கு வழவழப்பான பக்கம் நல்ல பக்கம். அவர்களுக்கோ இந்த மேடு தட்டும் பக்கம்தான் முகம்.

“ஒரு இழை தப்பிட்டா என்ன செய்வீங்கக்கா?”

“பிரிக்கணும். வேற வழியில்ல. இங்க தப்பினா அந்தக் கடைசில பூ சேராது.”

எருமைக் கொம்பு, மலை, தேனடை, சூரியன் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இந்தத் துணிதான் பூத்துக்குளி எனப்படும் தோடர் சால்வை. அந்தப் போர்வையை ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள். இறந்தவரைப் போர்த்தி வழியனுப்புவதும் பூவேலை செய்த போர்வையில்தான். சமையல், பிள்ளைகள், தோட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே தைப்பதால், நெருக்கமான வேலை உள்ள ஒரு முழுப் போர்வைக்கு மாதக்கணக்கில்கூட ஆகிவிடும்.

இது விற்பனைப் பொருளாக ஆனதற்குப் பின்னால் நீலகிரியின் வரலாறே இருக்கிறது. ஒரு காலத்தில் மலைச் சமூகங்களுக்குள் பண்டமாற்று நடந்தது: தோடர்கள் நெய் கொடுத்தார்கள், கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் பானைகளும் செய்து தந்தார்கள், படுகர்கள் தானியம் தந்தார்கள், குறும்பர்களிடமிருந்து காட்டுப் பொருட்கள் வந்தன. பிரிட்டிஷார் வந்த பிறகு புல்வெளிகள் தேயிலையாகவும் தைல மரமாகவும் சீகை மரமாகவும் மாறின. மேய்ச்சல் நிலம் போனதும் எருமைகள் குறைந்தன. 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 2,000 பேரே உள்ள சமூகம் இது. அந்த வீடுகளில் பெண்களின் ஊசி இன்று ரொக்கம் கொண்டுவரும் வழிகளில் ஒன்று.

அப்படியானால் விலையை யார் சொல்வது? “துணியும் நூலும் யார் தர்றாங்களோ, அவங்க சொல்றதுதான் கூலின்னு இருந்துச்சு” என்றார் அந்த அக்கா. 2013-இல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் மூன்றும் சேர்ந்து அதற்கு முயன்றன. பெரிய காரியம்தான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். அதே சிவப்பு கறுப்புக் கோலத்தை இயந்திரத்தில் அச்சடித்த துணி குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, கையால் தைத்தவருக்கு நியாயமான கூலி கிடைக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

செய்பவருக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்யும் நியாய வணிகம் (fair trade) அங்கேதான் எனக்குப் புரிந்தது. உலக நியாய வணிக அமைப்பின் விதிகளில் ஒன்று: கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால், குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். அந்த முற்றத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். முன்பணம் கையில் இருந்தால் துணியும் நூலும் தன் காசில் வாங்கலாம். தன் காசில் வாங்கியவர், “இவ்வளவு நாள் உழைத்தேன், இதுதான் விலை” என்று நிமிர்ந்து சொல்லலாம். வியாபாரி வந்து சொல்லும் குறைந்த விலைக்குப் போர்வையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கோத்தகிரியில் 2010 முதல் இயங்கும் லாஸ்ட் ஃபாரஸ்ட் நிறுவனம் இந்த வழியில் பழங்குடியினரின் தேன், மெழுகு, எம்பிராய்டரி ஆகியவற்றை விற்கிறது. அவர்களுடைய கிரீன் ஷாப்பில் தோடர் பூவேலை வைத்த பைகளும் சிறு துணிகளும் இருந்தன. முழுப் போர்வை வாங்க முடியாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். சிறு பொருள்தானே என்று குறைவாக நினைக்க வேண்டாம். சீக்கிரம் முடிந்து சீக்கிரம் பணம் வருவதால் தைப்பவர்களுக்கும் அது தேவையாக இருக்கிறது.

பேரம் பேசாதீர்கள். இதை வேண்டுகோளாகவே எழுதுகிறேன். விலை அதிகம் என்று தோன்றினால் சின்னதாக ஒன்றை முழு விலைக்கு வாங்குங்கள். கடையில் “யார் தைத்தது, அவருக்கு எவ்வளவு போகிறது” என்று கேளுங்கள். நேர்மையாக விற்கிறவர் சந்தோஷமாகச் சொல்வார். துணியைத் திருப்பிப் பாருங்கள்: அச்சு என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும், கைவேலை என்றால் இரண்டு பக்கமும் பேசும். சொல்லாமல் மந்துக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். தெரிந்தவர் மூலம் கேட்டுவிட்டுப் போங்கள். போர்வை வேண்டுமென்றால் பாதிப் பணத்தை முதலிலேயே கொடுத்து, தேதி கேட்டு நெருக்காமல் காத்திருங்கள். என்னுடையதற்கு நான் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.