மரக்கட்டையும் வின்ரர் ரயரும்

உயர்தரத்தில் எங்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த சேர் உராய்வுக்குப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. ஆய்வுகூட மேசையில் ஒரு மரக்கட்டை, அதில் கட்டிய நூல், நூல் போகும் கப்பி, நூல் நுனியில் தொங்கும் தட்டு. தட்டில் நிறைப்படிகளை ஒவ்வொன்றாக வைப்பார், கட்டை அசையாது. "இப்ப உராய்வு எவ்வளவு?" என்பார். முன்வாங்கு "மியூ ஆர்!" என்று கத்தும்; உராய்வுக் குணகத்தை, மேசை கட்டையைத் தாங்கும் விசையால் பெருக்கும் சூத்திரம் அது. "இல்லையடா. அசையுமட்டும், நீ இழுக்கிற அளவுக்குத்தான் அது எதிர்த்து நிற்கும். மியூ ஆர் அதின்ர எல்லை." இன்னொரு சின்னப் படி வைத்ததும் கட்டை விடுபட்டு விறுக்கென்று ஓடும். சீராக ஓட வைக்க ஒன்றிரண்டு படியைக் கழற்ற வேண்டும். இயக்க உராய்வு எல்லை உராய்விலும் குறைவு என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு?

பிறகு கட்டையை ஒடுக்கமான பக்கம் நிமிர்த்தி வைத்தார். அசைய அதே அளவு படிதான் வேண்டியிருந்தது! வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. உராய்வு தொடும் பரப்பில் தங்கியதில்லை என்று 1699இல் பிரெஞ்சு விஞ்ஞானி அமொந்தோன் சொன்னபோது பாரிஸ் விஞ்ஞானக் கழகமும் சந்தேகப்பட்டதாம். எங்களைக் குறை சொல்ல முடியாது.

காரணம் எங்கள் நோட்ஸில் இல்லை. எவ்வளவு மினுக்கினாலும் மேற்பரப்பு மேடும் பள்ளமும்தான். மேட்டு நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. 1939இல் போடன், ரேபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்தத் தொடுகையை அளந்து காட்டினார்கள். கட்டை படுத்தால் நிறைய நுனிகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சப் பாரம். நிமிர்ந்தால் சில நுனிகள், நன்றாக நசுங்கும். மொத்தத் தொடுகை அதேயளவுதான்.

இதெல்லாம் ரொறன்ரோப் பனியில் காசுக்கு உதவும். உருளும் சில்லு தரையைத் தொடும் இடம் அந்தக் கணம் வழுக்குவதில்லை, எல்லை உராய்வுவரை பிடிக்கும். பூட்டுப்பட்டு வழுக்கினால் இயக்க உராய்வுதான் மிச்சம். சில்லு பூட்டுப்படாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பது இதற்காகத்தான். காலடியில் பெடல் அதிரும்போது பயந்து காலை எடுக்காதீர்கள்.

கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம். காய்ந்த றோட்டில் உராய்வுக் குணகம் 0.7 என்றால் சுமார் 14 மீற்றரில் நிற்கலாம். ஐஸில் 0.1 என்றால் ஏறக்குறைய 98 மீற்றர். பெரிய வான்காரர் பாரம் பிடிக்கும் என்று நம்புகிறார்கள். சமன்பாட்டில் திணிவு இருபக்கமும் வெட்டுப்பட்டுப் போகிறதே! றப்பர் மட்டும் சேரின் மரக்கட்டைபோல விதிக்கு அடங்காது: குளிரில் இறுகினால் பிடி போய்விடும். பனிக்காலத்தில் கார் ஓடுபவர்கள் குளிரிலும் இளகியிருக்கும் வின்ரர் ரயர் பூட்டிக்கொள்ளுங்கள்.