காலியாக விட்ட கட்டம்: மிட்வெஸ்ட் பண்ணைப் பெண்கள் பற்றிய நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

1880-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயோவா, இல்லினாய், விஸ்கான்சின் போன்ற மிட்வெஸ்ட் (நடுமேற்கு) பக்கத்துப் பண்ணை வீடு எதை எடுத்தாலும், தொழில் கட்டத்தில் கணவனுக்கு நேராக 'விவசாயி' என்றிருக்கும். மனைவிக்கு நேராக 'வீட்டைக் கவனிக்கிறாள்'. 1900 தாளில் பெரும்பாலும் அதுவும் கிடையாது, கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்துக்குள் என்ன வேலை இருந்தது என்று தெரியாமல் அந்தப் பெண்கள் எப்படிச் செத்தார்கள் என்பது விளங்காது. காசநோயைத் தள்ளிவைத்துப் பார்த்தால், அடுப்பு, கிணறு, பால், பிரசவம் இவற்றின் பக்கத்தில்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

இன்று திங்கள். அங்கே திங்கள் துணி வெளுக்கும் நாள். வேலை ஞாயிறு இரவே துணியை ஊறவைப்பதில் தொடங்கிவிடும். ஒரு வீட்டுத் துணியை ஒருமுறை துவைத்து, வேகவைத்து, அலச ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது 190 கிலோ எடை, கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கையில் வந்து, அழுக்கு நீராக மறுபடி கையிலேயே வெளியே போக வேண்டும். சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து துணியில் பிசுக்காக ஒட்டும். அதனால் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைப்பார்கள். அது தீர்ந்துபோனால் கிணற்று நீரில் கொஞ்சம் காரம் (மரச்சாம்பலிலிருந்து வடிக்கும், தோலை அரிக்கும் பொருள்) கலந்து, மேலே திரளும் கசடை எடுத்துவிட்டுத் துவைப்பார்கள்.

வரிசை முக்கியம். முதலில் வெள்ளைத் துணி, பிறகு சாயத் துணி, கடைசியில் தொழுவத்து வேலைத் துணி, எல்லாம் ஒரே தண்ணீரில். வெள்ளையை மட்டும் செம்பு அடி வைத்த நீளப் பாத்திரத்தில் அடுப்பேற்றி, சீவிய சோப்பு போட்டு, கட்டையால் கிளறி வேகவைப்பார்கள். பிறகு அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கொடியில் காயப்போடுவார்கள். ஜனவரியில் துணி கொடியிலேயே பலகையாக உறைந்துவிடும். அவசரப்பட்டு மடக்கினால் மடிப்பில் நூல் முறியும்.

ஆபத்து அந்தக் கொதிநீர்ப் பாத்திரத்தில் இருந்தது. அதை அடுப்பிலிருந்து தரைத் தொட்டிக்கு மாற்றும் சில நொடிகளில், காலைச் சுற்றும் குழந்தைமேலும் தன் மேலும் கொட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மார்ச் 4, செவ்வாய்

இஸ்திரி நாள். வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்று 2 முதல் 4 கிலோ. கரி உள்ளே போடும் வகை அல்ல, கெட்டி இரும்பு. மூன்றை அடுப்பின்மேல் வைத்து மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், ஜூலை வெயிலிலும் அடுப்பு அணையக் கூடாது. கைப்பிடியும் இரும்பு என்பதால் உள்ளங்கை வெந்தது. அயோவாவின் ஒட்டும்வா ஊரைச் சேர்ந்த மேரி ஃபுளோரன்ஸ் பாட்ஸ் 1871-இல் கழற்றி மாட்டும் மரக் கைப்பிடிக்குக் காப்புரிமை வாங்கினார். மூன்று இரும்புக்கு ஒரே கைப்பிடி, அது சூடாவதே இல்லை. இதை அன்றாடம் தூக்கிய ஒருவர்தான் இப்படி யோசித்திருக்க முடியும் என்று தோன்றுகிறது.

மார்ச் 5, புதன்

துவைத்த சோப்பும் வீட்டில் செய்ததுதான், குறைந்தபட்சம் கடைச் சோப்பு மலிவாகும் வரை.

ஓக், ஹிக்கரி, மேப்பிள் போன்ற கடின மரத்தின் சாம்பல் வேண்டும். பைன் சாம்பலில் காரம் போதாது. அடியில் குறுகிய மரத்தொட்டியில் வைக்கோல் பரப்பி, சாம்பலை அழுத்தி நிரப்பி, மேலே மழைநீர் ஊற்றினால் கீழே பழுப்பு நிறக் காரநீர் சொட்டும். அதில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு சின்ன நாணயம் அளவுக்கு முட்டை மேலே தெரிந்தபடி மிதந்தால் பதம். மூழ்கினால் காரம் போதாது, அதே நீரைச் சாம்பலில் மறுபடி ஊற்ற வேண்டும். பாதிக்கு மேல் எழும்பி நின்றால் சோப்பு தோலை அரிக்கும், தண்ணீர் சேர்க்க வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் பன்றி அறுத்தபோது சேர்த்த கொழுப்பை வசந்தத்தில் இந்தக் காரநீரோடு இரும்புக் கொப்பரையில், வெளி அடுப்பில், மணிக்கணக்காகக் காய்ச்சுவார்கள். மரச்சாம்பல் காரத்தில் வருவது கூழ்ச் சோப்பு. கட்டியாக வேண்டுமென்றால் உப்புப் போட்டுப் பிரிக்க வேண்டும்.

கெடுவது எப்படி? காரம் குறைந்தால் கொழுப்பு தனியே மிதக்கும், நாட்பட்டால் நாறும். பெரிய கேடு வேறு. பிறகு காரம் கடையில் டப்பாவில் வந்தது. சர்க்கரை போல வெள்ளையாகச் சமையலறைத் தட்டில் இருக்கும். தவழும் குழந்தை வாயில் போட்டால் உணவுக்குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கி, சில வாரங்களில் பால்கூட இறங்காது. டப்பாமேல் 'நஞ்சு' என்று அச்சிட வைக்கும் சட்டம் 1927-இல்தான் வந்தது. அதற்காக அலைந்தவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன்.

மார்ச் 6, வியாழன்

வெண்ணெயும் முட்டையும் பெண்களின் காசு. பல பண்ணைகளில் கோதுமைக்கு வந்த பணம் கடனுக்குப் போக, காபி, சர்க்கரை, துணி எல்லாம் கடையில் வெண்ணெய்க்கு மாற்றாக வாங்கியவை.

பாலாடையின் சூடு 15 டிகிரி செல்சியஸ் ஒட்டி இருந்தால் அரை மணி, முக்கால் மணியில் வெண்ணெய் திரளும். சூடு கூடினால் களிம்பு போலாகும். குறைந்தால் எவ்வளவு கடைந்தாலும் திரளாது. அதனால்தான் கோடையில் ஜாடியைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டார்கள். திரண்ட பிறகு கழுவும் நீர் தெளியும் வரை கழுவ வேண்டும். மோர் உள்ளே தங்கினால் வெண்ணெய் காறிப்போகும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். அரைக் கிலோவுக்கு ஏறக்குறைய 30 கிராம் உப்பு.

இதே பால்தான் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தியானா, இல்லினாய், ஒஹையோ காட்டோரக் குடியிருப்புகளில் ஆட்களைக் கொன்றது. பால் நோய் என்று பெயர். கோடை முடிவில் மேய்ச்சல் காய்ந்ததும் மாடுகள் காட்டு நிழலுக்குள் போய், வெள்ளைப் பூப்பூக்கும் ஸ்னேக்ரூட் செடியைத் தின்னும். அதன் நஞ்சு பாலில் இறங்கும், வெண்ணெயிலும் இருக்கும். காய்ச்சினாலும் போகாது. கறவை நின்ற மாடும் கன்றும் நடுங்கி விழும். ஆனால் கறக்கும் பசு நஞ்சைப் பாலில் விட்டுவிடுவதால் பார்க்க நன்றாகவே இருக்கும். குடித்தவருக்கு உடல் தளர்ந்து, வாந்தி நிற்காமல், மூச்சில் ஒரு விநோத வாடை வரும். ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸ் லிங்கன் 1818 அக்டோபர் 5-இல், 34 வயதில், இந்தியானாவின் லிட்டில் பிஜன் கிரீக்கில் இதில்தான் இறந்தார். லிங்கனுக்கு அப்போது 9 வயது.

தெற்கு இல்லினாயில் மருத்துவச்சியாக இருந்த அன்னா பிக்ஸ்பி, ஷானி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பெண் ஒருவர் காட்டிக்கொடுத்த செடியைக் கன்றுக்குக் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்தார் என்று அந்தப் பகுதியில் சொல்லப்படுகிறது. ஊராரைத் திரட்டிச் செடியைப் பிடுங்கவும் வைத்தாராம். மருத்துவ உலகம் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்து ஒப்புக்கொண்டது 1920-களில். இடையில் போன நூறு ஆண்டுகளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மார்ச் 8, சனி

நெருப்பு பற்றிச் சுருக்கமாக. பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களில் மண்ணெண்ணெய் விபத்துச் செய்திகள் ஓயாமல் வரும். காரணங்கள் இரண்டு: எரியும் விளக்கிலேயே எண்ணெய் ஊற்றியது, கங்கு கிடந்த அடுப்பைச் சீக்கிரம் மூட்ட டப்பாவைச் சாய்த்தது. மலிவான எண்ணெயில் சட்டென்று ஆவியாகும் நாப்தா கலந்திருந்தால் ஆவி சட்டென்று பிடித்து டப்பாவே வெடிக்கும். நீளப் பருத்திப் பாவாடை திரி போல எரியும். பலர் உடனே சாகவில்லை. ஆளி எண்ணெயும் சுண்ணாம்பு நீரும் கலந்து தடவி, சில நாட்கள் கிடந்த பிறகே உயிர் போனது. ஆகவே செய்தித்தாளில் விபத்து தேதியையும் கல்லறைத் தேதியையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 11, செவ்வாய்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளுக்கு 6 முதல் 9 தாய்மார் இறந்தார்கள். ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய 100. ஒருமுறைக்கு இவ்வளவு என்பதால், எட்டுப் பிள்ளை பெற்றவள் அந்த ஆபத்தை எட்டு முறை கடந்தாள்.

தாயும் குழந்தையும் அடுத்தடுத்துப் புதைக்கப்பட்ட இடத்தில் தேதிகளைக் கூர்ந்து பார்த்தால் காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். பிறந்த அன்றோ மறுநாளோ தாய் இறந்திருந்தால் உதிரப்போக்கு, அல்லது நஞ்சுக்கொடி வெளிவராமல் தங்கியது, அல்லது வலிப்பு. மூன்றாம் நாள்வாக்கில் குளிரும் காய்ச்சலும் தொடங்கி, ஒரு வாரம், பத்து நாளில் இறந்திருந்தால் பிரசவ ஜன்னி, அதாவது பிரசவத்தில் தொற்றும் கிருமியால் வரும் காய்ச்சல். சில வாரம் கழித்து என்றால், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து வெள்ளையாக வீங்கும் நோய் உண்டு; பதிவேட்டில் 'பால் கால்' என்றே எழுதியிருப்பார்கள். பால் காலுக்கு இறங்கிவிட்டது என்று நம்பிய காலம்.

ஜன்னி கைகள் வழியாக வந்தது. பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843-இலேயே, மருத்துவரும் தாதியும்தான் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு இதைக் கொண்டுபோகிறார்கள் என்று எழுதினார். பிறகும் பல பத்தாண்டுகள் கை கழுவாமலே பிரசவம் பார்த்தார்கள். ஆயுதம் போட்டு இழுத்த பிரசவத்தில் கிழிசலும் சேர்ந்தது. ஒரு பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுத் துணியும் கொதிநீரும் மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தது, எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று நோயாளியைத் தொட்டுவிட்டு நேரே வந்த மருத்துவரைவிடப் பாதுகாப்பாக இருந்திருக்கக்கூடும்.

இல்லினாயின் ராக்ஃபோர்டில் பிறந்த ஜூலியா லேத்ரப் 1912-இல் கூட்டாட்சிக் குழந்தைகள் நலப் பிரிவின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு அவர் அலுவலகம் கருவுற்ற பெண்களுக்கான கையேட்டை வெளியிட்டது. 1921-இல் தாய்சேய் நலத்துக்கு மாநிலங்களுக்குப் பணம் தரும் ஷெப்பர்டு-டவுனர் சட்டம் வந்தது. லேத்ரப்பின் சொந்த மாநிலமான இல்லினாய் அதை ஏற்கவில்லை. 1929-இல் அந்தத் திட்டமும் நின்றது. ஜன்னிச் சாவுகள் செங்குத்தாக விழுந்தது 1930-களின் பிற்பாதியில், பாக்டீரியாவை அடக்கும் சல்ஃபா மருந்து வந்த பிறகு.

மார்ச் 14, வெள்ளி

இறந்தவளைக் கிடத்தியதும் பெண்கள்தான். உடல் விறைக்கச் சில மணி நேரமே இருப்பதால் வரிசை தவறக் கூடாது. கண்ணிமை மூடி நாணயம் வைப்பது, நாடிக்கட்டு, கால்களை நேராக்கிக் கட்டுவது, பிறகே குளிப்பாட்டல். நாடிக்கட்டு தாமதமானால் வாய் திறந்தே நின்றுவிடும். கிடத்தும் பலகையில் துளைகள் அல்லது பிரம்புப் பின்னல் இருக்கும்; கோடையில் அடியில் பனிக்கட்டி வைப்பார்கள். முகம் கறுக்காமலிருக்க வினிகரில் நனைத்த துணி போட்டு, அடிக்கடி மாற்றுவார்கள். அதற்கும், எலியும் பூனையும் அண்டாமலிருக்கவும் இரவெல்லாம் யாராவது விழித்திருக்க வேண்டும். உடுப்பு பெரும்பாலும் அவளுடைய நல்ல கறுப்புப் பட்டு, சில வேளை கல்யாண உடுப்பு.

பெட்டி செய்தது ஊர்த் தச்சர். நாற்காலி, மேசை விற்ற கடைக்காரர்களே பிறகு சவ அடக்கக்காரர்களாக ஆனார்கள். மினசோட்டா, டகோட்டா பக்கம் தரை ஆழமாக உறைந்துவிட்டால் குழி வெட்ட முடியாது. தரை இளகும்வரை உடலை வைக்க ஊர்க் கல்லறைகளில் ஒரு தனி அறை இருக்கும், பண்ணைகளில் களஞ்சியம். இறந்த தேதிக்கும் அடக்கம் செய்த தேதிக்கும் இரண்டு மாத இடைவெளி இருந்தால் அது எழுத்துப் பிழையாக இருக்க வேண்டியதில்லை.

மார்ச் 17, திங்கள்

கல்லறைக் கல் படிப்பது. 'கான்சார்ட்' என்றிருந்தால் கணவன் உயிரோடிருக்கும்போதே இறந்தவள், 'ரெலிக்ட்' என்றால் விதவையாக இறந்தவள். பிறந்த தேதி இல்லாமல் வயது மட்டும் ஆண்டு, மாதம், நாள் கணக்கில் இருக்கும். உதாரணமாக, இறந்தது 1878 மே 5, வயது 34 ஆண்டு 7 மாதம் 12 நாள். தேதியை 18780505 என்று ஒரே எண்ணாக எழுதி, 340712-ஐக் கழித்து, அதிலிருந்து 8870-ஐக் கழிக்க வேண்டும். விடை 18430923, அதாவது 1843 செப்டம்பர் 23. மாதத்தை 30 நாளாகக் கொள்ளும் கணக்கு இது, ஓரிரு நாள் பிசகலாம். 8870 நாளிலும் மாதத்திலும் கடன் வாங்க வேண்டிய தேதிகளுக்கு மட்டும்; இரண்டிலும் கடன் தேவையில்லாவிட்டால் நேராகக் கழித்தாலே போதும்.

பழைய வெள்ளைச் சலவைக்கல் சர்க்கரை போல உதிரும். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ப்ளீச், கம்பி பிரஷ், சவர நுரை எதுவும் கூடாது. எழுத்து மங்கியிருந்தால் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழவைத்துப் படம் எடுக்கலாம். நிழல் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 20, வியாழன்

மறுபடி அந்தத் தாளுக்கு வருவோம். 1900, 1910 கணக்கெடுப்புகளில் மணமான பெண்களிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள்: எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடிருக்கிறது. தொழில் கட்டம் காலியாக இருக்கும் அதே வரியில் '7', '4' என்று இரண்டு எண்கள்.

உயிரோடில்லாத அந்த மூன்று பிள்ளைகளைத் தேட இடங்கள் உண்டு. வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் வயதை வரிசையாக எழுதினால், இரண்டிரண்டு ஆண்டாக வருவது எங்காவது நான்கு, ஐந்தாகத் தாவும். அந்த இடைவெளிதான் முதல் தடம். 1880 கணக்கெடுப்போடு சேர்த்து எடுத்த இறப்புப் பட்டியல் 1879 ஜூன் முதல் 1880 மே வரையிலான 12 மாதங்களை மட்டும் காட்டும். 1890 கணக்கெடுப்பு 1921-இல் வாஷிங்டன் தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுதும் இல்லாமல் போயிற்று. 1881-இல் பிறந்து 1898-இல் இறந்த ஒரு பெண் மிஞ்சிய கூட்டாட்சிக் கணக்கெடுப்பு எதிலும் பெரும்பாலும் இருக்க மாட்டாள். கான்சாஸ், அயோவா, மினசோட்டாவில் மாநிலங்களே 1885-இலும் 1895-இலும் தனிக் கணக்கெடுத்தன, அங்கே பெயர் கிடைக்கலாம். மாநில இறப்புப் பதிவு மிச்சிகனில் 1867-இலேயே தொடங்கியது, கான்சாஸில் 1911 வரை இல்லை. உள்நாட்டுப் போரில் கணவனை இழந்தவள் என்றால் ஓய்வூதியக் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். 1862 சட்டப்படி சாதாரணப் போர்வீரனின் விதவைக்கு மாதம் 8 டாலர். அதற்காகத் திருமணத்தையும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் நிரூபிக்க, பிரசவம் பார்த்த பெண்கள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் அந்தக் கோப்பில் இருக்கும்.

எதுவும் கிடைக்காவிட்டால் குடும்பக் கல்லுக்குப் பக்கத்தில் புல்லை விலக்கிப் பார்க்க வேண்டும். முழங்கால் உயரம்கூட இல்லாத, ஆட்டுக்குட்டி செதுக்கிய கற்கள் பெரும்பாலும் தரையில் அமிழ்ந்திருக்கும்.