ஏறுவது எஞ்சின், இறங்குவது பிரேக்

இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்தான் அமெரிக்காவில் விற்கும் கேம்பர்களில், அதாவது டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டிகளில், பெரும்பங்கு தயாராகிறது. தொழிற்சாலை வாசலில் ஒன்றை மாட்டிக்கொண்டு, மேற்கே ஏதோ ஒரு மாநிலத்து விற்பனையாளரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. டிரக் சொந்தம். மைலுக்கு இவ்வளவு என்று கூலி. திரும்பும்போது காலி வண்டி. இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா எல்லாம் சமதளம். ரேடியோ கேட்டுக்கொண்டே போய்விடலாம். டென்வரைத் தாண்டிய பிறகுதான் நான் வாங்குகிற கூலிக்கு உண்மையான வேலை தொடங்குகிறது.

டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எழுபதாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே அறுபது மைல் போனால் ஐசன்ஹோவர் சுரங்கம். அதன் மேற்கு வாயில் 11,158 அடி. மேற்கே போகும் குழாய் 1973-இலும், கிழக்கே வரும் குழாய் 1979-இலும் திறக்கப்பட்டன. ஜார்ஜ்டவுனைத் தாண்டியதும் ஆறு சதவீதச் சரிவு வந்துவிடும், அதாவது நூறு அடி போனால் ஆறு அடி உயரம். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். என் டிரக்கும், அதன் பின்தட்டில் முன்பாரத்தை இறக்கிப் பின்னால் வரும் பெரிய ஃபிஃப்த் வீல் கேம்பரும் சேர்ந்தால் சுமார் 22,000 பவுண்டு, பத்து டன். இதை மணிக்கு 45 மைல் வேகத்தில் அந்தச் சரிவில் ஏற்ற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே ஏறக்குறைய 158 குதிரைத்திறன் வேண்டும். பதின்மூன்று அடி உயரமுள்ள அந்தப் பெட்டியின் முகத்தில் மோதும் காற்றை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் முதன்முதலாக வந்த கம்மின்ஸ் டீசல் எஞ்சினுக்கு மொத்தமே 160 குதிரைத்திறன்தான். அந்த வண்டியில் இதே பாரத்தை ஏற்றியவர்கள் மேலே வரும்போது ஊர்ந்துதான் வந்திருப்பார்கள். 2023-இல் ஃபோர்டின் பவர்ஸ்ட்ரோக் 500 குதிரைத்திறனைத் தொட்டுவிட்டது. திருகுவிசை 1,200 பவுண்டு-அடி. இப்போதைய டிரக்கில் பெடலை மிதித்தால் 60 மைல் வேகத்தில் ஏறிவிடலாம். பின்னால் பாரம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். என்னை உறுத்துவது அந்தச் சந்தேகம்தான். முன்பெல்லாம் வண்டியே திணறி, பாரம் எவ்வளவு என்று ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். இப்போது எஞ்சின் அதை மறைத்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலான கேம்பர்களின் அடியில் இருப்பது இன்றைக்கும் மின்காந்தத்தால் இயங்கும் டிரம் பிரேக்தான். எஞ்சின் மூன்று மடங்கு வளர்ந்தது. அதற்கு ஈடாகப் பின்னால் எதுவும் வளரவில்லை.

ஏறும்போது நான் பார்ப்பது வேகமானியை அல்ல, வெப்பமானிகளை. டீசலில் இருக்கும் சக்தியில் நாற்பது சதவீத அளவுதான் சக்கரத்துக்குப் போகும். மிச்சமெல்லாம் புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருப்பதால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுவது பெரிதாகத் தெரியாது. ஆனால் ரேடியேட்டருக்கு டர்போ கிடையாதே! 11,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். ஆகவே வெப்பம் அதிகம் பிறக்கும் இடத்தில், அதை வாங்கிக்கொண்டு போகக் காற்று குறைவு. ரேடியேட்டர் ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் பிடித்ததும் முன்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் எழும். முதல்முறை கேட்பவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்று பயந்துபோவார்கள். எனக்கு அது நல்ல சத்தம். அது நிற்காமல் நீண்டுகொண்டே போனால், கூலன்டின் வெப்பம் காட்டும் முள் நகர்வதற்கு முன்பே ஒரு கியர் குறைத்து, வேகத்தை 45-க்குக் கொண்டுவந்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு வலது தடத்திலேயே போவேன். சுழற்சி கூடினால் தண்ணீர் பம்பும் ஃபேனும் வேகமாக ஓடும். வேகம் குறைந்தால் பிறக்கும் வெப்பம் குறையும். புகையின் வெப்பம் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நெடுநேரம் நிற்கக்கூடாது என்பது பழைய ஓட்டுநர்கள் வைத்திருக்கும் கணக்கு. நான் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்வேன்.

விளம்பரத்தாளில் போடும் இழுவைத் திறனுக்கும் ஒரு மலைச் சோதனை உண்டு. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 68-ஆம் எண் சாலையில் 11.4 மைல் ஏற்றம். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக்கூடாது, ஏசி முழுவேகத்தில் ஓட வேண்டும், பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட டிரக் என்றால் 35 மைலுக்குக் கீழே போகக்கூடாது, ஒற்றைச் சக்கரம் என்றால் 40. கடுமையான, நேர்மையான சோதனை. ஆனால் அந்த ஏற்றம் முடியும் உயரம் சுமார் 3,500 அடி. கொலராடோவில் நான் ஏறத் தொடங்கும் டென்வரே அதைவிட உயரத்தில் இருக்கிறது. அந்த எண்ணை நம்பலாம். அதை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும் ஏழு சதவீத இறக்கம். சில்வர்தோர்ன் வரை எட்டு மைலில் சுமார் 2,300 அடி கீழே வருகிறோம். பத்து டன் அவ்வளவு இறங்கும்போது விடும் சக்தி, இருநூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்குபோட வேண்டும். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் தகடு இல்லாததால், பெடலை விட்டால் மட்டும் வண்டி பெரிதாக அடங்காது. அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக்: டர்போவின் இதழ்கள் நெருங்கி, புகை வெளியேறும் வழியைக் குறுக்கி, எஞ்சினையே எதிர்த்துத் தள்ள வைக்கும்.

"ஏறின கியர்லயே இறங்கணும்" என்று திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஓட்டுபவர்கள் சொல்வார்கள். இங்கேயும் அதே விதியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எஞ்சின் பலவீனமாக இருந்த காலத்தில் அது சரி. இப்போது 500 குதிரைத்திறனோடு மேல் கியரில் ஏறிவிட்டு, அதே கியரில் இறங்கினால் வண்டி நம் கையில் நிற்காது. ஏறியதைவிடக் கீழ்க் கியரில் இறங்க வேண்டும். அதுவும் சரிவு தொடங்குவதற்கு முன்பே அந்தக் கியருக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருவதும் கூடாது. நினைத்த வேகத்தைத் தொட்டதும் அழுத்தி மிதித்து, ஐந்து மைல் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். டிரம் சூடேறினால் விரிந்து பிரேக் ஷூவிலிருந்து விலகும். மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும்.

2019 ஏப்ரலில், இதே சாலையில் கிழக்கே டென்வர் பக்கம் இறங்கிய ஒரு கனரக டிரக் பிரேக் பிடிக்காமல், லேக்வுட்டில் நின்றிருந்த வாகனங்கள்மேல் மோதி நான்கு பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் 'இன்னும் நீங்கள் கீழே வந்துவிடவில்லை' என்று டிரக் ஓட்டுநர்களுக்கென்றே பலகை வைத்திருக்கிறார்கள். சமவெளி கண்ணில் பட்டதும் மனம் இறங்கிவிடும், சாலை இறங்கியிருக்காது. அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன்.

சில்வர்தோர்னில் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியை கேம்பரின் நான்கு சக்கரங்களின் ஹப்பிலும் காட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் பேரிங்கோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோ காரணம். எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். நான் முதலில் தேடுவது சூடே இல்லாத சக்கரத்தை. எட்டு மைல் இறக்கத்துக்குப் பிறகும் ஒரு டிரம் குளிர்ந்திருக்கிறது என்றால், அந்தச் சக்கரம் எந்த வேலையும் செய்யவில்லை. எங்கோ ஒயர் அறுந்திருக்கும். அதன் பங்கை மற்ற மூன்றும் சுமந்திருக்கும்.

ஜார்ஜ்டவுன் பெட்ரோல் பங்கில் ஒரு கோடையில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவரைச் சந்தித்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு யூட்டாவின் மோவாபுக்குப் போய்க்கொண்டிருந்தார். சிறிய டீசல் டிரக், பின்னால் புதிய கேம்பர்.

"ஏனுங்ண்ணா, ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கானுங்க. இது ஏழாயிரத்தைந்நூறுதானுங்க. ஏறிருமில்லைங்க?"

"ஏறிரும் தம்பி. கதவு நிலையில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,500 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கொக்கிமேல் இறங்கும் பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். கேம்பர் எடையில் எட்டில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கும் என்று வைத்தாலும் 940 வந்துவிடும். நான்கு பேர், டிரக்கின் பின்தட்டில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, சைக்கிள்கள். இடமே மிச்சமில்லை. கேம்பரின் பிரேக்கை டிரக்கிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரை விற்றவர்கள் அமைத்துக்கூடக் கொடுக்கவில்லை. பெட்டியிலிருந்து வந்தபடியே இருந்தது. ஒரு கேம்பரை விற்கிறவர் வாங்குகிறவரோடு பத்து நிமிடம் முற்றத்தில் ஓட்டிப் பார்த்து இதைச் சரிசெய்துகொடுக்காமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

காலி இடத்தில் 25 மைல் வேகத்தில் ஓட்டச் சொன்னேன். கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்தினால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கேம்பர் டிரக்கைப் பின்னுக்கு நன்றாக இழுக்க வேண்டும். நான்கைந்து முறை ஓட்டி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். முதலில் இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கில் வந்து நின்றது.

"மெதுவாப் போனா பின்னாடி வர்றவங்க திட்டுவாங்களேண்ணா?"

"திட்டட்டும் தம்பி. விளக்கைப் போட்டுட்டு, என் பின்னாடியே வாங்க."

கிளம்பும் முன் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். முழுசா நிரப்பியிருக்கேனுங்க என்றார், ஐம்பது காலன். போகும் முகாமில் குழாய் இருக்கிறது. வால்வைத் திறந்துவிட்டோம்; 400 பவுண்டுக்கு மேல் குறைந்தது.