பாட்டிலில் நிற்காத பிராணி

கடலில் மிதந்து திரியும் சிற்றுயிர்களான பிளாங்க்டனை எண்ணும் வேலையில் சேர்ந்த புதிது. வலையின் நுனியில் இருந்த டப்பாவைக் கண்ணாடிக் குடுவையில் கவிழ்த்தேன். தண்ணீருக்குள் வானவில் கோடுகள் மட்டும் ஓடின; உற்றுப் பார்த்த பிறகுதான் உடம்பே தெரிந்தது. "சொறி, தம்பி. கையை விடாதே, அரிக்கும்" என்றார் படகுக்கார அண்ணன்.

அவர் சொன்ன சொறி, அதாவது ஜெல்லிமீன், இல்லை அது; சீப்பு ஜெல்லி. கொட்டாது, பசைபோல ஒட்டும் செல்களால் இரையைப் பிடிக்கும். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? வழக்கம்போல, பிடித்தது கெடாமல் இருக்க ஃபார்மலினை ஊற்றி மூடிவிட்டேன். மறுநாள் பாட்டிலில் கலங்கலாகக் கொஞ்சம் கோழைதான் இருந்தது.

"சீப்பு ஜெல்லியில மடல் வச்ச ஜாதியெல்லாம் ஃபார்மலின்ல கரைஞ்சிடும்ப்பா, உயிரோட இருக்கும்போதே எண்ணணும்" என்று சிரித்தார் ஆய்வகத்து அக்கா. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். சீப்பு ஜெல்லிக்கான கட்டத்தில் பக்கம் பக்கமாக சைபர்.

அடுத்த முறை குடுவையை நிழலில் வைத்துப் பார்த்தேன், வானவில் மங்கிப்போனது. அந்த நிறம் அதன் சொந்த வெளிச்சம் இல்லை. உடம்பின் நீளவாக்கில் எட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் நுண்மயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிச் சேர்ந்த சீப்புகள். அவை அலையலையாக அடிக்கும்போது மேலே படும் ஒளி சிதறி நிறமாகிறது. (இருட்டில் சீண்டினால் நீலப்பச்சையாக ஒளிரும் இனங்களும் நிறைய உண்டு. அது வேறு சமாச்சாரம்.) வாய்க்கு எதிர்முனையில் மணல்போல ஒரு துணுக்கு நான்கு மயிர்க்கற்றைகள்மேல் உட்கார்ந்திருக்கும். உடம்பு சாய்ந்தால் அதன் பாரம் ஒரு பக்கம் கூடும். அதற்கேற்பச் சீப்புகளின் வேகம் மாறும். மூளையே இல்லாத பிராணிக்கு இந்த ஏற்பாடு!

கருங்கடல் கதையை அப்புறம்தான் படித்தேன். மேற்கு அட்லாண்டிக்கைச் சேர்ந்த ஒரு சீப்பு ஜெல்லி 1980களில் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிக்கொள்ளும் நிலைப்பு நீரோடு அங்கே போய்ப் பெருகியது. நெத்திலியின் தீனியையும் முட்டை, குஞ்சுகளையும் தின்றது. ஏற்கெனவே அளவுமீறிப் பிடிக்கப்பட்ட நெத்திலி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சரிந்தது. 1997இல் பெரோயி என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி வந்து முதலாவதைத் தின்னத் தொடங்கிய பிறகே கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. படித்ததும் எங்கள் சைபர்கள்தான் நினைவுக்கு வந்தன.

இப்போது வலை ஏறியதும் டம்ளரில் மொண்டு எண்ணி எழுதிய பிறகே ஃபார்மலின். பழைய சைபர்களைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் "பார்க்கவில்லை" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.