அத்தை அழைத்தால் ஒரு விசில்

ரிங்டோனை மாற்றுகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பேருந்தில் ஒரு போன் அடித்தால் ஏழெட்டுப் பேர் சட்டைப் பையைத் தடவுகிறார்கள், கைப்பையைத் துழாவுகிறார்கள், அப்புறம் ஒருவர் மட்டும் "ஆங், சொல்லு" என்கிறார், மற்றவர்கள் ஏமாந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். நோக்கியா காலத்திலும் இதே கதைதான். அந்த நோக்கியா மெட்டு, ஸ்பெயின்காரர் பிரான்சிஸ்கோ டாரெகா 1902-ல் எழுதிய ஒரு கிதார் இசையிலிருந்து கிள்ளி எடுத்தது. தன்னுடைய இசை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒலிக்கப் போகிறது என்று பாவம் அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் தீபாவளி ஆஃபரில் ஒரே மாடல் போன் வாங்கினார்கள். ஒரே நிறம் வேறு. டிவி மேசையில் வரிசையாகச் சார்ஜில் கிடக்கும், ஒன்று அடித்தால் மூன்று பேரும் மூன்று அறையிலிருந்து வருவார்கள். அதில் அப்பாவுக்குத்தான் கஷ்டம் அதிகம். கண்ணாடி இல்லாமல் பெயர் தெரியாது. செல்போனை யாரும் எடுக்காவிட்டால் 30 விநாடிதான் அடிக்கும், லேண்ட்லைன் என்றால் 60 என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-லேயே வரையறுத்துவிட்டது. அப்பாவின் கண்ணாடி 30 விநாடியில் கிடைக்கிற இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை போனால் காபி வருவதற்கு முன்னால் போன் வரும். "பாப்பா, யார் கூப்பிடுறாங்கன்னு பார்க்காமலே தெரியணும், என்னமாச்சும் செய்."

முதலில், அழைப்பவர் பெயரைப் போனே வாய்விட்டுச் சொல்கிற வசதியை ஆன் செய்து கொடுத்தேன். நல்ல வசதிதான். ஆனால் அப்பா பெயர்களைச் சேமித்து வைத்திருக்கிற லட்சணம் அந்த வசதிக்குத் தெரியாது. மாடியில் குடியிருப்பவர் கீழே வந்து, அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று வாசலில் நின்று போன் போட்டிருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு இங்கிலீஷ்கார அம்மா குரல், "மாடி வடகை பக்கி... மாடி வடகை பக்கி" என்று ஊரைக் கூட்டியிருக்கிறது. உச்சரிப்பு மோசம்தான், இருந்தாலும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே வாடகை வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். அம்மாவுக்கு அந்த வசதியை எடுக்க மனசே இல்லை.

அப்புறம்தான் ஆளுக்கொரு ரிங்டோன் என்று முடிவானது. காண்டாக்டில் பெயரைத் திறந்து, மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கினால் ரிங்டோன் வைக்கிற இடம் வரும், அரை நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன். அந்த இடமே வரவில்லை. அப்பாவின் எல்லா நம்பர்களும் பட்டன் போன் காலத்திலிருந்து சிம் கார்டிலேயே கிடந்தன. சிம் கார்டில் பெயரும் நம்பரும் நிற்கும், தனி ரிங்டோன் எல்லாம் அதில் ஒட்டாது. எல்லாவற்றையும் போனுக்கு மாற்றினேன். அதில் இறந்துபோனவர்கள் பலர். "அழிச்சிரவா?" என்று கேட்டால், "கிடக்கட்டும், நம்மள என்ன செய்யுது" என்றார்.

யாருக்கு எது என்று பேச ஆரம்பித்தபோதுதான் இது செட்டிங்ஸ் வேலை இல்லை, குடும்ப அரசியல் என்று புரிந்தது. பெரியப்பா மூத்தவர், அவருக்குத் தவில் வேண்டும் என்றார் அப்பா. வைத்துப் பார்த்தோம். போனில் இருக்கும் பொட்டு ஸ்பீக்கருக்கு அடித்தொனி வராது, தகர டப்பாவில் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. நாதஸ்வரம் கணீரென்று வந்தது, பெரியப்பாவுக்கு அது. எனக்கு ஒரு குருவிச் சத்தம் வைத்தேன், நன்றாக இருந்தது. நான் போன் போட்டால் மட்டும் அப்பா எடுப்பதே இல்லை. வயதாக ஆகக் கீச்சுக் குரல்தான் முதலில் காதைவிட்டுப் போகுமாம், குருவி கத்துகிறது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். குருவியை எடுத்துவிட்டுச் சைக்கிள் மணி வைத்தேன். பால்காரருக்கு மாடு கத்துவது. தம்பிக்கு ஒன்றும் வைக்கவில்லை, அவன் போன் பண்ணினால்தானே.

பெரியப்பா ஒருநாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருக்கிறார். வாட்ஸ்அப்புக்குத் தனி ரிங்டோன், நாம் காண்டாக்டில் வைப்பதை அது சட்டை செய்யாது. நாதஸ்வரம் கேட்காததால் லோன் வேணுமா என்று கேட்கிற பெண்தான் என்று அப்பா விட்டுவிட, பெரியப்பாவுக்கு ஒரு வாரம் கோபம்.

கடைசியாக வந்தது பெரிய அத்தை. அப்பாவுக்கு நேர் மூத்த அக்கா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். போன் போட்டால் முக்கால் மணி நேரம், அதிலும் பாதி நேரம் கேள்விகள், சரியான பதில் வராமல் விடமாட்டார். முதல் தடவை எடுக்காவிட்டால் மூச்சு விடாமல் உடனே மறுபடி போடுவார். "அக்காவுக்கு என்னப்பா வைக்க?" என்றேன். அப்பா யோசிக்கவே இல்லை. "அவ போன் வந்தாலே எனக்குப் பிரஷர் ஏறுது. குக்கர் விசில் வை."

நெட்டில் நிறைய குக்கர் விசில் கிடைக்கிறது. அதெல்லாம் வேண்டாமாம், நம் வீட்டுக் குக்கர்தான் வேண்டுமாம். துவரம்பருப்பு அடுப்பில் ஏறியிருந்தது. அப்பா போனில் ரெக்கார்டரை ஆன் செய்து, கையை நீட்டி, முகத்தை மட்டும் பின்னால் திருப்பிக்கொண்டு, சரவெடிக்குப் பத்த வைக்கிறவர் போல நின்றார். விசில் வந்தது. நீளமாக, கடைசியில் ஆவி இறங்குகிற 'ஸ்ஸ்ஸ்' வரைக்கும் துல்லியமாகப் பதிந்தது. கூடவே தாளிப்புக் கரண்டியோடு வந்த அம்மாவின் குரலும் பதிந்தது: "நகருங்க அங்கிட்டு! ஆம்பள வந்து அடுப்படியில குறுக்க நின்னுக்கிட்டு!"

அதை வெட்டிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டு விரலால் இழுத்தால் முடிந்தது. அப்பா விடவில்லை. "இருக்கட்டும் பாப்பா. அதுவரைக்கும் யாரு அடிக்க விடப்போறா? விசில் முடியிறதுக்குள்ள எடுத்துருவேன்."

அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சமையலில் நடந்ததைத் தனியாக எழுதலாம். அம்மா பருப்புக்கு நாலு விசில் எண்ணுவார், அதில் ஒன்று அத்தையாக இருக்கும். சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாக மிதக்கும். இன்னொரு நாள் விசில் வர வர, "மதினிதான் கூப்பிடுறாங்க, எடுங்க" என்று அம்மா கொல்லைப்புறத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார், அன்று உருளைக்கிழங்கு களியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் தம்பிக்குச் சாத்தூரில் பெண் பார்க்கப் போனோம். நாங்கள் ஒரு கார். அத்தையும் மாமாவும் பின்னால் இன்னொரு காரில். அப்பா உள்ளே நுழையும்போதே போனைத் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்கிற முறையில் போட்டுவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தார். போட்டவர் அதைக் கொண்டுபோய் தாம்பூலப் பையில், பழத்துக்கும் பூவுக்கும் அடியில் வைத்துவிட்டார்.

அந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிட்டால், அவசரமாக இருக்கும் என்று போன் அனுமதித்துவிடும். பல போன்களில் இது கடையிலிருந்து வரும்போதே ஆன் ஆகித்தான் இருக்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், அவர்களுக்கு எங்கள் அத்தையைத் தெரியாது.

சேவு தட்டு வந்தாயிற்று. சாத்தூர்க்காரர்கள் வீட்டில் சேவு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், ஒன்றுகூட வாயில் வைக்க முடியவில்லை. பெண்ணின் அப்பா மழை பற்றிப் பேசி முடித்து, அப்பா வெயில் பற்றிப் பேசி முடித்து, இரண்டு பக்கமும் சரக்குத் தீர்ந்து எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண் காபித் தட்டோடு அறை வாசலுக்கு வந்தாள். 'ஊஊஊஷ்ஷ்' என்று விசில்.

பெண்ணின் அம்மா சட்டென்று எழுந்தார். "அடுப்பை அணைச்சிட்டுத்தானே வந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். ஆவி இறங்கியது. அப்புறம் பழத்துக்கு அடியிலிருந்து, தெள்ளத் தெளிவாக:

"நகருங்க அங்கிட்டு! ஆம்பள வந்து அடுப்படியில குறுக்க நின்னுக்கிட்டு!"

காபித் தட்டோடு வந்த பெண் அப்படியே ஓரமாக நகர்ந்து நின்றுவிட்டாள். என்ன மாமியார் இது, வந்தவுடனே அதட்டுகிறதே என்று பார்த்தால், மாமியார் வாயைத் திறக்காமல் சேவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பெண்ணின் தாத்தா மட்டும், தன்னைத்தான் சொன்னார்கள் என்று நினைத்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரிங்டோன் ஒரு சுற்று முடிந்தால் முதலிலிருந்து தொடங்கும் இல்லையா, மறுபடியும் விசில்.

அப்பா பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார். வெற்றிலை உருண்டது, எலுமிச்சம்பழம் உருண்டது, போன் மட்டும் வரவில்லை. திடீரென்று சத்தம் நின்றது. வாசலைப் பார்த்தால் அத்தை நிற்கிறார், கையில் போன். வழி கேட்பதற்காகப் போட்டிருக்கிறார், எடுக்கவில்லை என்று மறுபடி போட்டிருக்கிறார், அதற்குள் வீடே கிடைத்துவிட்டது என்று கட் செய்திருக்கிறார்.

கணக்கு டீச்சர் இல்லையா. சத்தம் நின்றதும் தன் போனைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். விசில். கட் செய்தார். நிசப்தம். இன்னொரு தடவை அமுக்கினார். விசில். விடை சரிதானா என்று பார்த்துக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார்.

"ஏலே தம்பி. நான் போன் போட்டா உனக்குக் குக்கரா?"

அப்பா அப்போதுதான் போனைக் கண்டுபிடித்திருந்தார், மேலே ஒரு வாழைப்பழம் ஒட்டிக்கொண்டிருந்தது. "அது ஒண்ணுமில்லக்கா, பாப்பாதான்..." என்று என் பக்கம் கையைக் காட்டினார். பெற்ற தகப்பன்.

"சரி, அண்ணனுக்கு என்ன வச்சிருக்க?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி, அவனுக்கு எப்போதும் நேரம் காலம் தெரியாது, "நாதஸ்வரம் அத்தை" என்றான்.

"ஓகோ. மூத்தவனுக்கு நாதஸ்வரம். உன்னைத் தூக்கி வளர்த்த எனக்குக் குக்கரு." அத்தை செருப்பைக் கழற்றி உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "அது என்ன, நடுவுல ஏதோ பொம்பளக் குரல் கேட்டுச்சே?" அம்மா அதுவரைக்கும் கையில் பிடித்திருந்த சேவை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார்.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். தட்டில் காபி தளும்பித் தளும்பிப் பாதி தட்டிலேயே ஊற்றிவிட்டது. அவள் சிரித்ததும் அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சுதான் கிடக்கு" என்று சாட்சி சொல்ல, அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் யாராலும் யாரையும் அடக்க முடியவில்லை. அத்தையும் சிரித்தார். ஆனால் போகும்போது காரில் ஏறாமல் நின்று, வீணை வேண்டும், இப்பவே மாற்று என்று என்னை மாற்ற வைத்து, தானே போட்டுப் பார்த்த பிறகுதான் ஏறினார். மூன்று வாரத்தில் தட்டு மாற்றியாயிற்று, அது இருக்கட்டும்.

நாங்கள் கிளம்புகிற நேரத்தில் பெண்ணின் அப்பா என்னை மட்டும் திண்ணைப் பக்கம் கூப்பிட்டார். நகை விஷயமோ என்று பயந்துகொண்டே போனேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, தன் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஏம்மா, என் சகலைக்கும் இந்த மாதிரி ஒண்ணு வச்சுக் குடுக்க முடியுமா?"

"வைக்கலாமே மாமா. என்ன சத்தம் வேணும்?"

"மிக்ஸி. தேங்காய் சில்லு போட்டதும் கரகரன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அது."

சகலை பெயரைத் தேடி எடுத்தேன். சிம் கார்டில் இருந்தது.