மின்னஞ்சல் உள்நுழைவுப் பெயர்: முழு முகவரியா, முன்பாதி மட்டுமா?

கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அஞ்சல்பெட்டி திறக்கவில்லை என்று யாராவது சொன்னால், பயனர்பெயர்க் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்பதைச் சேவையகம் பிரித்துச் சொல்வதில்லை. சொன்னால் எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்பதைத் திருடர்கள் எளிதில் தெரிந்துகொள்வார்கள் என்பதால் சொல்லவும் கூடாது. ஆகவே பயனர், பெயரை விட்டுவிட்டுக் கடவுச்சொல்லையே மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருப்பார். ஃபெயில்2பேன் போன்ற காவல் நிரல் இயங்கும் சேவையகமாக இருந்தால், சற்று நேரத்தில் அவருடைய ஐபி முகவரியே தடைபட்டுவிடும். அதற்குப் பிறகு சரியான பெயரைக் கொடுத்தாலும் பயனில்லை.

பெயர் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று, அஞ்சலைப் பெறப் பயன்படும் பாப்3, ஐமேப் நெறிமுறைகள் எதையும் வற்புறுத்துவதில்லை. 1996இல் வெளியான பாப்3 ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளில் @ குறி இல்லாத வெறும் கணக்குப் பெயரே காணப்படுகிறது. ஓர் இயந்திரம், அதில் சில யுனிக்ஸ் கணக்குகள் என்றிருந்த காலத்திற்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே சேவையகம் பல டொமைன்களை, அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்களை, தாங்கத் தொடங்கி, ஒவ்வொரு டொமைனிலும் ‘விற்பனை’ என்று ஒரு பெட்டி வந்த பிறகு, @ குறிக்கு முன்னால் உள்ள முன்பாதி மட்டும் யாரையும் அடையாளம் காட்டாது. முழு முகவரியே பயனர்பெயராக மாறியதற்கு இதுதான் காரணம்.

சேவையகத்தை உலாவி வழியே நிர்வகிக்க உதவும் சிபேனலில் உருவாக்கப்படும் அஞ்சல்பெட்டிகள் முழு முகவரியைக் கேட்கின்றன. கணக்கோடு தானாக வரும் முதன்மைப் பெட்டிக்கு மட்டும் சிபேனல் பயனர்பெயரே போதும். @ குறிக்குப் பின்னால் உள்ளதைச் சில பழைய அஞ்சல் நிரல்கள் வெட்டிவிட்டு அனுப்பியதால், அந்த இடத்தில் + குறியை இடும் வழக்கமும் அங்கே உண்டு. அதே வகை நிரலான பிளெஸ்க், முன்பாதி மட்டுமான குறும்பெயரையும் அனுமதிப்பதா, முழுப்பெயர் மட்டும்தானா என்று நிர்வாகியிடமே விட்டுவிடுகிறது. குறும்பெயரை அனுமதித்தால், இரண்டு டொமைன்களில் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் அமைந்துவிடும்போது உள்ளே வருபவர் யார் என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டாவது டொமைன் வரும் வரை குறும்பெயர் வசதியாகத்தான் தோன்றும் என்பதால், தொடக்கத்திலேயே அதை அடைத்துவிடுவது என் வழக்கம்.

பாப்3, ஐமேப் வழியாக அஞ்சலை எடுத்துத் தரும் சேவையக நிரலான டவ்காட்டை நாமே அமைக்கும்போதுதான் விஷயம் கூர்மையாகிறது. பயனர்பெயரின் வடிவத்திற்கென்று அதில் தனி அமைப்பு உண்டு. இயல்பு நிலையில் அது வந்த பெயரைச் சிறிய எழுத்துகளாக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அதையே முன்பாதி மட்டும் என்று மாற்றி எழுதினால், எந்த டொமைனிலிருந்து வந்தாலும் பின்பாதி உதிர்ந்து, இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். டொமைன் இல்லாமல் வரும் பெயரோடு சேர்க்க வேண்டிய இயல்பு டொமைனைக் குறிப்பிட இன்னொரு அமைப்பும், ஒரு குறியை வேறொரு குறியாக மாற்ற மற்றொன்றும், பெயரில் எந்தெந்த எழுத்துகளும் குறிகளும் வரலாம் என்ற பட்டியலும் உள்ளன. + குறி அந்த இயல்புப் பட்டியலில் இல்லை என்பதால், @ குறிக்குப் பதில் + இட்ட பழைய வடிவப் பெயர்கள் கடவுச்சொல் பார்க்கப்படும் முன்பே வாசலில் நிறுத்தப்படுவதுண்டு.

இதைவிடக் குழப்பமானது வேறொன்று. அஞ்சல் சேமிக்கும் பாதையை டொமைன், அதற்குள் பெயர் என்று அடுக்கியிருக்கும் சேவையகத்தில், கடவுச்சொல் தேடும் வினவல் முன்பாதியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், உள்நுழைவு வெற்றி பெறும்; ஆனால் டொமைனுக்குரிய இடம் வெறுமையாக இருப்பதால், டவ்காட் வேறொரு பாதையில் புதிய பெட்டியை உருவாக்கிக் காட்டும். பயனரின் திரையில் ஒரு கடிதம்கூட இருக்காது. அஞ்சல்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்ற புகார் வரும். உண்மையில் அவை பழைய கோப்புறையில் பத்திரமாகவே இருக்கும். இதற்கு நான் நம்பும் தீர்வு, எந்த வடிவில் பெயர் வந்தாலும் தரவுத்தள வினவல் முழு முகவரியைச் சிறிய எழுத்துகளில், பயனர் என்ற புலமாகத் திருப்பித் தருவதாகும். அதன்பின் டவ்காட் அந்தப் பெயரையே எல்லா இடங்களிலும் பயன்படுத்துகிறது. வாசலில் பல வடிவங்களை ஏற்கலாம். உள்ளே ஒன்றே ஒன்றுதான் நடமாட வேண்டும்.

கடவுச்சொற்கள் டைஜெஸ்ட் எம்டி5 என்ற மறைவடிவில் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த மாற்றத்திற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். அந்த வடிவத்தில் பயனர்பெயரும் டொமைனும் கடவுச்சொல்லோடு சேர்த்தே, திரும்பப் பிரிக்க முடியாத ஒரே குறியீடாக மாற்றப்பட்டிருப்பதால், பெயரின் வடிவம் மாறினால் எல்லோருடைய கடவுச்சொல்லையும் புதிதாக அமைக்க நேரிடும்.

அஞ்சல் பெறுவது சரியாகி, அனுப்புவது மட்டும் தடைபடுவதும் பெயரால்தான். அஞ்சலை வெளியே அனுப்பும் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ் உள்நுழைவுச் சோதனையை டவ்காட்டிடம் ஒப்படைத்திருந்து, அனுப்புநர் முகவரி உள்நுழைந்தவருக்குச் சொந்தமானதா என்றும் சரிபார்க்கும்படி அமைத்திருந்தால், குறும்பெயரும் முழு முகவரியும் பொருந்தாமல் 553 என்ற மறுப்பு வரும். மேலே சொன்னபடி டவ்காட் முழுப்பெயரைத் திருப்பித் தந்தால் இந்தச் சிக்கலும் கூடவே தீர்ந்துவிடும். கைபேசிகளில் வெளிச்செல்லும் சேவையகத்திற்குத் தனிப் பயனர்பெயர்க் கட்டம் இருப்பதையும், சிலவற்றில் அது கட்டாயமில்லை என்று காட்டப்படுவதையும் மறக்கக் கூடாது. நம் சேவையகத்தைப் பொறுத்தவரை அது கட்டாயமே.

முகவரியையே பயனர்பெயராக வைத்தால் பாதி ரகசியம் போய்விடுகிறதே என்று சிலர் வாதிடுகிறார்கள். பயனர்பெயரை நான் ரகசியமாகவே கருதுவதில்லை. யாருக்கும் நினைவில் நிற்காத பெயரைக் கொடுத்தால் அது ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டப்படும், அவ்வளவுதான்.

தண்டர்பேர்டு என்ற அஞ்சல் நிரலுக்கான தானியங்கி அமைப்புக் கோப்பில் பயனர்பெயராக முழு முகவரியைக் குறிப்பிட்டுவிட்டால், அந்த நிரல் ஊகிக்கும் வேலை மிச்சம். உலாவியில் அஞ்சல் பார்க்க உதவும் ரவுண்ட்கியூபில், டொமைனைத் தானாகச் சேர்க்கும் அமைப்பில் ஒரே ஒரு டொமைனை எழுதி வைப்பது, ஒரே டொமைன் உள்ள இடத்திற்குத்தான் பொருந்தும்.

மாற்றத்தை வெளியே அறிவிக்கும் முன், சேவையகத்தில் டவ்காட்டின் நிர்வாகக் கட்டளையான டவ்ஆட்மினால் ஒரே கணக்கை முழு முகவரி, குறும்பெயர், பெரிய எழுத்து கலந்த முகவரி என மூன்று விதமாகவும் உள்நுழைத்துப் பார்க்கிறேன். ஏற்கப்பட்ட வடிவங்கள் அனைத்திற்கும் அது ஒரே பயனர்பெயரைக் காட்ட வேண்டும். பிறகு ஓர் அஞ்சல் நிரலிலிருந்து அதே வடிவங்களில் நுழைந்து, பழைய கடிதங்கள் தெரிகின்றனவா என்றும், அஞ்சல் கோப்புறையில் புதிதாக எதுவும் முளைக்கவில்லையே என்றும் பார்த்த பிறகே பயனர்களுக்கு எழுதுகிறேன்.